தொடட்டுமா பாப்பா?

முதலியார்பேட்டையில் என் முதுகைச் சொடுக்கி வலியைப் போக்கிய கைரோபிராக்டர், இப்போது பேச்சு வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறார். என் நாலு வயது மகளை அவரிடம் அழைத்துப்போனேன். மொட்டைத் தலை, தடித்த விரல்கள். தரையில் உட்கார்ந்து, "தொடட்டுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். பெற்ற நான் அணைத்தாலே உதறிக்கொண்டு ஓடுகிறவள், அவரிடம் கையை நீட்டினாள். எனக்கு வயிறு எரிந்தது.

"முதுகை விட்டுட்டு ஏன் சார் இதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"பெரியவங்க வலிக்குதுன்னு சொல்லிடுவாங்கம்மா. ஒரு பாப்பா சொல்லத் தெரியாம என் கையைக் கடிச்சிட்டா. அப்புறம்தான் மறுபடியும் படிக்கப் போனேன்."

வீட்டுக்கு வந்ததும் நானும் தரையில் உட்கார்ந்து, "தொடட்டுமா பாப்பா?" என்று கேட்டேன். மகள் சட்டென்று நிமிர்ந்தாள். என்னைத் தாண்டி, வாசலில் அவரைத் தேடினாள்.