தலைக்கு இரண்டு சாண்

இன்ஷிராஹ் இம்பாபா சந்தையில் மொச்சை அவித்து விற்றவள். வண்டியைக் கவிழ்த்த அதிகாரியின் மண்டையில் கரண்டியால் ஒரு போடு போட்டதற்கு ஓராண்டு சிறை கிடைத்தது. அதே கொட்டடியில் நாஸ்லி ஹானிம் என்ற சீமாட்டியும் இருந்தாள். அவள் கட்டிய மாடிவீடு இடிந்து பதினோரு பேர் செத்தார்கள். அவளுக்கும் ஓராண்டுதான். என்ன நீதியோ!

படுக்கும் இடத்தைச் சாணால் அளந்து கொடுப்பவள் கொட்டடித் தலைவி துர்ரிய்யா. சிகரெட்டாக அள்ளிக்கொடுத்த ஹானிமுக்கு ஜன்னலோரம் பதினாறரை சாண். மற்ற இருபத்தொன்பது பேருக்கும் தலைக்கு ஒன்றரை. ஒருக்களித்துத்தான் படுக்கலாம். வெளியே சேரிக்கும் நைல் கரை மாளிகைக்கும் இருந்த அதே கணக்கு, சுவருக்குள்ளும் நடந்தது.

ஒரு காலை இன்ஷிராஹ் எழுந்து, எல்லாவற்றையும் கூட்டிப் பிரித்தால் தலைக்கு இரண்டு சாண் வரும் என்றாள். யாரும் அசையவில்லை. ஹானிமின் துணி துவைக்கும் வஹீபாதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அவ ரொட்டியும் உப்பும் தின்னுட்டோமேடி. துரோகம் பண்ணலாமா?"

"கூட உக்காந்து தின்னாதான்டி அது ரொட்டி, உப்பு. அவ தின்னு மிச்சம் வச்சதுக்கு என்னடி விசுவாசம்?"

வஹீபாவே போய் ஹானிமின் மெத்தையைச் சுருட்டினாள். துர்ரிய்யா கத்திப் பார்த்தாள். அத்தனை பேரிடம் அவள் கத்தல் எடுபடவில்லை. அன்று எல்லாரும் மல்லாந்து படுத்தார்கள்.

மறுநாளே சிறை அதிகாரி இன்ஷிராஹைக் கூப்பிட்டார். ஹானிமிடம் மன்னிப்புக் கேட்டு இடத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை உறவினரைப் பார்க்கும் பார்வை கிடையாது என்றார். நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு அன்றுதான் மகள் நவாரா வரவிருந்தாள்.

"வண்டியக் கவுத்தவரும் மன்னிப்புதான் கேக்கச் சொன்னாரு, பாஷா. கேட்டிருந்தா இங்க எதுக்கு வரப்போறேன்?"

திங்களன்று பார்வைப் பட்டியலில் அவள் பெயரை வாசிக்கவில்லை. தன் தங்கையைப் பார்த்துவிட்டு வந்த வஹீபா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் மக வாசல்லயே நின்னாளாம். அம்மா மன்னிப்புக் கேட்டாத்தான்னு சொல்லி உள்ள விடலையாம். கேட்டாளான்னு வாசக் காவக்காரிகிட்ட விசாரிச்சாளாம், பக்கத்துல நின்ன என் தங்கச்சி சொன்னா."

"என்ன சொன்னாளாம் காவக்காரி?"

"கேக்கலன்னு சொன்னாளாம். உன் மக கண்ணத் தொடச்சிட்டு, கேட்டிருந்தா திரும்பியே பாத்திருக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாளாம்."

அதுவரை அழாத இன்ஷிராஹ், தன் இரண்டு சாணில் மல்லாந்து படுத்து, வாய்விட்டு அழுதாள்.