மாமாவின் முதல் ஆல்பத்துக்கு விழுந்த கருத்துகள்

வேலை முடிந்து ரயிலில் தொங்கிக்கொண்டு அண்ணனூரைத் தாண்டும்போது சில நாள் மாமா ஞாபகம் வரும். அம்மாவின் தம்பி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஆவடி தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்களோடுதான் இருந்தார். அம்பத்தூரில் கம்ப்யூட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ப்ரோக்ரெசிவ் மெட்டல் என்கிற ஒருவகை ராக் இசை. அது என்னவென்று எனக்கு இன்றும் பாதிதான் தெரியும். நாம் கைதட்டப் போகும்போது தாளம் நகர்ந்துவிடும். பாடுகிறவர் உறுமுவார். முடிந்தது என்று நிம்மதியாக எழுந்தால் மறுபடி தொடங்கும்.

அவர்களுடைய முதல் ஆல்பம் இணையத்தில் ஏறியது. கேட்டவர்கள் சொல்வதைப் பார்த்துத்தான் குழுவைத் தொடர்வதா, கலைப்பதா என்று முடிவெடுக்கப் போவதாக மாமா சொன்னார். பாவம், அதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

குவார்ட்டர்ஸில் ஒரு வீட்டு விசேஷத்துக்கு எல்லா வீடும் தலைகாட்டியாக வேண்டும். அம்மா வீடு வீடாக ஏறி இறங்கினாள். மொய் எழுதுவதுபோல் வரிசையாகக் கருத்துகள் விழுந்தன. அருமை தம்பி, இறைவன் அருள் கிட்டட்டும், மென்மேலும் வளர்க. கீழ்வீட்டு அண்ணன் நேரில், "காது கிழியுது மாமே, இன்னா பாட்டு இது?" என்றவர், எழுதும்போது இனிய குரல் என்று எழுதினார். மாமா எல்லாவற்றையும் அலுப்போடு படித்து நன்றி போட்டார்.

ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவர் நீளமாக எழுதியிருந்தார். மூன்றாவது பாட்டு வீணாக இழுக்கிறதாம். டிரம்ஸ் தடுமாறுகிறதாம். கடைசிப் பாட்டில் கிடார் அடங்கும் இடம் மட்டும் பரவாயில்லையாம்.

அம்மாவுக்கு ரத்தம் கொதித்தது. குவார்ட்டர்ஸே திரண்டு எழுதியது. "உனுக்கு இன்னா தெரியும்? ஊடு எங்க கீதுன்னு சொல்லு, நேர்ல வர்றோம்" என்று கீழ்வீட்டு அண்ணன் போட்டார். சாயங்காலத்துக்குள் அந்த ஆள் தான் எழுதியதை அழித்துவிட்டுப் போய்விட்டார். அம்மா கேசரி கிளறினாள்.

வேலையிலிருந்து வந்த மாமா போனை மேலும் கீழும் தள்ளித் தேடினார்.

"அந்தாளு எழுதுனது எங்கக்கா?"

"தொரத்தி உட்டுட்டோம்டா!"

"கடைசிப் பாட்டு வரைக்கும் கேட்டது அவர் ஒருத்தர்தான்க்கா."

கேசரியைத் தொடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அந்த மாதமே குழு கலைந்தது.

இத்தனை பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லியும் மாமா ஏன் அழுகிறார் என்று அன்று அம்மாவைக் கேட்டேன். ஆபீஸில் வேலை அதிகம் என்றாள். நம்பினேன். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள்.