செல்லமுத்துவின் போலிஷ்

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் செல்லமுத்துவைப் போலந்துக்காரர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். போலந்தில் சில வருஷம் லாரி ஓட்டினார். ஒரு பனிக்காலத்தில் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்து வலது முட்டி நொறுங்கியது. அங்கேயே ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு, மடங்கிய காலோடு ஊர் திரும்பினார். எலும்பு கூடிவிட்டது, முட்டி மட்டும் நீளவில்லை. கால்விரல் நுனி மட்டும் தரையில் பட, கம்பை ஊன்றி நடக்கிறார். மனைவி சுகுணா ஏணி போட்டு மிளகு பறிக்கும்போது இவர் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

போன மழைக்காலத்தில் மலை ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிஸ்ட் பெஞ்சமின் இவரைத் தேடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், வேலைக்காக மலையேறியவர். போலந்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் காலுக்கு மாட்டும் பிரேஸ்களைப் பெட்டி நிறைய அனுப்பியிருந்தது. கூட வந்த விளக்கத்தாள்கள் எல்லாமே போலிஷ்.

"போன்ல போட்டுப் பாத்தேன் அண்ணே. முட்டிக்குப் பக்கத்துல தண்ணிக் குட்டைங்குது, அதுக்குக் கீழ கோட்டைங்குது. இத நம்பி யாரு கால்லயும் மாட்ட முடியாது."

செல்லமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்து நாளாகியிருந்தது.

"அந்த ஊர்ல குட்டைக்கும் ஸ்தாஃப்தானுங்க, மூட்டுக்கும் ஸ்தாஃப்தானுங்க. ஜாமெக்குன்னா கோட்டை. பூட்டுக்கும் அதே பேருங்க."

"அப்ப ஜாயின்ட், லாக். இப்படியே இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்துருங்கண்ணே. சேலத்து எலும்பு டாக்டருக்குத் தமிழ் படிக்க வராது. அவர் பாத்துச் சரின்னாத்தான் மாட்ட முடியும்."

பிரேஸுக்காக முதலில் காத்திருந்தவள் திண்ணனூர் நாட்டுப் பாவாயி. மிளகு ஏணியிலிருந்து விழுந்து முட்டி உடைந்தவள். கட்டுப் பிரித்தாகிவிட்டது. கால் இன்னும் தாங்கவில்லை.

செல்லமுத்து பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். வைத்தியச் சொற்களுக்கு அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. போலிஷ் சொல்லைப் படித்து, அதற்கு அங்கே தனக்கு என்ன செய்தார்கள் என்று செய்து காட்டுவார். பெஞ்சமின் அதற்குரிய இங்கிலீஷ் சொல்லைச் சொல்லுவார். நீட்டுவதைக் காட்டும்போது மட்டும் காலுக்குப் பதிலாகக் கையை நீட்டிக் காட்டினார். இப்படியே தொடைப்பட்டை, கணுக்கால் தாங்கி எல்லாம் இங்கிலீஷுக்கு வந்தன.

ஒரு மத்தியானம் 'ப்ஷிகுர்ச்' என்ற சொல் வந்தது.

"இது எனக்கு நல்லாத் தெரியுமுங்க," என்றார் செல்லமுத்து. "தலகாணி."

பெஞ்சமின் எழுதப்போனவர் நின்றார். "தலகாணி வராம இருக்க இந்த பிரேஸ மாட்டணும்னு ஆகுதேண்ணே. சரியா வரலையே. நல்லா ஞாபகம் இருக்கா?"

"மறக்குமுங்களா? வலி பொறுக்காம முட்டிக்குக் கீழ தலகாணிய வச்சுப் படுத்திருப்பேன். விடிஞ்சா ஒரு நர்சம்மா வந்து அத உருவிப் போட்டுட்டு, ப்ஷிகுர்ச், ப்ஷிகுர்ச்சுன்னு சத்தம் போடும். அது அந்தப் பக்கம் போனதும் மறுபடியும் எடுத்து வச்சுக்குவேன். எனக்கு வலிக்குதுன்னு தெரியாம இந்தப் பொம்பள தலகாணியப் புடுங்குதேன்னு நினைச்சுக்குவேன்."

பெஞ்சமின் போனில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தார். பிறகு செல்லமுத்துவின் முட்டியைப் பார்த்தார்.

"என்ன சார் போட்டிருக்குது?"

"கான்ட்ராக்சர்னு போட்டிருக்கு. அடிபட்ட முட்டிய மடக்கியே வச்சிருந்தா சதை சுருங்கி அப்படியே இறுகிப் போயிடும். அப்புறம் நீட்ட வராது. அதுக்குப் பேருண்ணே அது."

செல்லமுத்து காலைத் தடவிக்கொண்டார். வெளியே மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"அப்ப அந்தம்மா தெனமும் அதைத்தான் சொல்லுச்சுங்களா?"

"ஆமாண்ணே."

"இப்ப ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?"

"வருஷம் நிறையப் போயிடுச்சு. ஆபரேஷன்னு போனாலும் உறுதியாச் சொல்ல முடியாது."

செல்லமுத்து பேனாவை எடுத்து, கான்ட்ராக்சருக்கு எழுத்துக் கூட்டச் சொல்லி எழுதினார். மிச்சமிருந்த தாள்களையும் அன்றைக்கே முடித்துக்கொடுத்தார்.

வீடு வந்து சேர்ந்தபோது உடம்பெல்லாம் நனைந்திருந்தது. சுகுணா துண்டு கொண்டுவந்தாள். ஊர் திரும்பிய புதிதில் இலவம்பஞ்சு அடைத்து அவர் முட்டிக்கென்று தலையணை தைத்துக்கொடுத்தவள் அவள்தான். வலி தெரியாமல் தூங்கட்டும் என்று தானே எடுத்து வைப்பாள்.

"ஏனுங்க, மூஞ்சி வாடிக் கெடக்குது? பெஞ்சமின் சார் ஏதாச்சும் சொன்னாருங்களா?"

"ஒண்ணுமில்ல சுகுணா. மழைல நனைஞ்சது."

அவளிடம் அவர் இன்றுவரை சொல்லவில்லை. சொன்னால் அவளும் அல்லவா சேர்ந்து சுமக்க வேண்டும்.

சேலத்து டாக்டர் தாள்களைப் பார்த்துச் சரி என்றார். பாவாயிக்கு பிரேஸ் மாட்டிய அன்று செல்லமுத்துவும் போயிருந்தார். பட்டையை இறுக்கி முட்டியை நீட்டிப் பூட்டியதும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மடக்கிக்கிட்டாத் தேவலீங்கண்ணா. உசுரு போவுது."

"போவும் கண்ணு. மடக்காத. கீழ எதையும் வச்சுக்காத."

"உங்களுக்கென்னங்க, சொல்லுவீங்க."

பெஞ்சமின் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பாவாயி சுவரைப் பிடித்து எழுந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, காலை நீட்டி நின்றாள். அவள் வாசல்வரை போவதைப் பார்த்திருந்துவிட்டு, செல்லமுத்து கம்பை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார்.