மாரெக்கிடம் காசு வாங்காத கடைகள்

"மேடம், அந்தப் போலந்துக்காரரு ஊருக்குக் கெளம்புறேன்னு மெயில் போட்டுக்கினு இருக்காரு. இன்னா பண்ணி வெச்சீங்க அவர?"

காலை எட்டரைக்கு ஜி.எம். போனில் கத்தினார். கடம்பத்தூர்க்காரர், கோபம் வந்தால் இங்கிலீஷ் போய் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் தகர டப்பா செய்யும் ஒரு கம்பெனியில் இருபத்தாறு வருஷம் அட்மின் பார்த்தேன். வெளிநாட்டு கெஸ்ட் வந்தால் ரூம், கார், சாப்பாடு எல்லாம் என் தலையில்தான். அந்தப் போலந்துக்காரர் மாரெக், புது மெஷினைப் பொருத்தி ஓடவிட வந்த இன்ஜினியர். வியாழக்கிழமை ட்ரயல் ரன். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் பெரிய ஆர்டர் ஒன்று கைவிட்டுப் போகும். அன்றைக்குச் செவ்வாய்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்த மனுஷனைத் தாங்கு தாங்கென்று தாங்கியிருந்தேன். கெஸ்ட் ஹவுஸ் பிரெட், ஜாமைப் பார்த்து முகம் சுளித்தவர், வந்த அன்றே கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருக்கும் எல்லம்மா இட்லிக் கடையைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் போனில் யுபிஐ கிடையாது. கார்டை நீட்டினால் எல்லம்மா அதை எங்கே தேய்ப்பாள்? ஏடிஎம்மில் எடுத்ததெல்லாம் ஐந்நூறு ரூபாய் நோட்டு. காலை வியாபாரத்தில் அதற்கு யார் சில்லறை கொடுப்பார்கள்? அதனால் எல்லம்மாவிடமும் பக்கத்து டீக்கடை, பிரியாணிக் கடையிலும் சொல்லிவைத்தேன்: "அவரு எது சாப்ட்டாலும் காசு வாங்காதீங்க. கம்பெனி குடுக்கும்."

இதை மாரெக்கிடம் சொல்லவில்லை. விருந்தாளியிடம் போய்க் காசுப் பேச்சு பேசுவதா என்று எனக்கு ஒரு பெரிய மனசு. "சாப்பாடு எப்படி?" என்று கேட்டால் அவரும் "குட், குட்" என்பார்.

நேராக கெஸ்ட் ஹவுஸுக்குப் போனேன். மேஜை முழுக்கக் காலி பிஸ்கட் பாக்கெட். ஆள் வாடிப்போயிருந்தார். சாப்பாடு பிடிக்கவில்லையா என்று இங்கிலீஷில் கேட்டேன்.

"ரொம்பப் பிடித்திருந்தது," என்றார். "ஆனால் என் பணத்தை யாரும் தொட மாட்டேன் என்கிறார்கள். வேறு நோட்டு நீட்டினேன். அதையும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். கள்ளநோட்டு என்று நினைக்கிறார்களோ என்று பயமாகிவிட்டது. அந்த அம்மாவிடம் எத்தனை நாள் ஓசியில் சாப்பிடுவது? சனிக்கிழமையிலிருந்து போகவில்லை."

அட ஆண்டவனே! மூன்று நாள் பட்டினி போட்டிருக்கிறேன், அதுவும் உபசாரம் பண்ணி! எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். டிரைவரை விட்டு அவர் நோட்டைப் பத்தும் இருபதும் ஐம்பதுமாக மாற்றிவரச் சொல்லி, எல்லம்மா கடைக்குக் கூட்டிப்போனேன்.

"இன்னா மேடம், நீங்கதான காசு வாங்காதன்னீங்க?" என்றாள் எல்லம்மா.

"இனிமே வாங்கிக்கோ. அவரே குடுக்கட்டும்."

"நல்லதாப் போச்சு! மூணு நாளா ஆளக் காணோம். என் சட்னி புடிக்கலியோன்னு ஒரே பேஜாராப் பூட்ச்சு."

ஆறு இட்லி, இரண்டு வடை. விலையைக் கேட்டு மாரெக்கே கொடுத்தார். மீதிச் சில்லறையைச் சட்டைப்பையில் போட்டு, பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஊருக்குப் போட்டிருந்த டிக்கெட்டை அவரே கேன்சல் செய்தார். வியாழக்கிழமை மெஷின் ஓடியது, கையெழுத்தும் விழுந்தது.

அட்மினுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வெளிநாட்டுக்காரர் வந்தால் முதல் நாளே சில்லறை மாற்றிக் கொடுங்கள். நீங்கள் சாப்பிடும் கடையைக் காட்டி, விலையையும் சொல்லுங்கள். அதற்கப்புறம் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். எனக்குக் கடைசியாகச் சொன்னதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் ஊருக்குக் கிளம்பிய அன்று டீக்கடையில் நின்றோம். நான் பர்ஸைத் திறப்பதற்குள் மாரெக் இரண்டு விரலைக் காட்டி, இரண்டு டீக்கும் காசை நீட்டினார். டீக்காரர் தயங்கி என்னைப் பார்த்தார். "வாங்கலாமா மேடம்?"

வேண்டாம் என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"வாங்கிக்கோ நைனா," என்றேன். "எனக்கும் சேத்து அவருதான் குடுக்கறாரு."