என் பெயருக்கு மேலே ஒரு பூச்சியம்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்கிறேன். கல்லூரி வாங்கும் மின்னூல்களையும் ஆய்விதழ்களையும் எங்கள் தேடல் பக்கத்தில் இணைப்பது என் பொறுப்பு. இணைக்காவிட்டால் அப்படியொன்று இருப்பதே மாணவர்களுக்குத் தெரியாது.

என் மேலாளர் மன்னார்க்காரர். மல்வேர்ன் தேவாலயத்தில் நானும் கணவரும் போகும் ஞாயிறு பூசைக்கே அவரும் வருவார். அங்கே அவர் எனக்கு அண்ணை. வேலையிடத்தில், மற்றவர்கள் இருக்கும்போது, என்னோடு ஒரு சொல் தமிழில் பேசமாட்டார்.

ஒரு பெப்ரவரி காலை, வரலாறு படிப்பிக்கும் பகுதிநேர விரிவுரையாளர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். கானாவைச் சேர்ந்த பெண். ஆபிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள், பழைய செய்தித்தாள்கள், நீதிமன்றப் பதிவேடுகள் எல்லாவற்றையும் உலகெங்கும் உள்ள நூலகங்கள் பார்க்கும்படி கணினியில் ஏற்றிய ஒரு தொகுப்பைக் கைபேசியில் காட்டினார். அதை வாங்கிய நூலகங்களின் பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது.

"என் மாணவர்கள் தேடினால் ஏன் வருவதில்லை?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"எங்களிடம் இல்லைப் போலிருக்கிறது" என்றேன்.

"வெளியாட்கள் எங்களைப் பற்றி எழுதியதெல்லாம் வருகிறது. நாங்கள் எழுதியது மட்டும் வராதா?"

குரல் உயர்ந்தது. சுற்றியிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் போனபின் தேடினேன். நான் வேலைக்குச் சேரமுன்னரே வாங்கிய தொகுப்பு. யாரும் இணைக்கவில்லை.

இணைக்கட்டுமா என்று மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 'இப்போது வேண்டாம்' என்று பதில் வந்தது. இன்னும் இரண்டு முறை கேட்டேன். கடைசியில் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"உதை ஆர் பாக்கினம்? இந்த வருசத்தோட நிப்பாட்டப் போறம். நீர் உம்மட வேலையைப் பாரும்."

அந்த மாதத்தில் விரிவுரையாளர் மேலும் இரு தடவை வந்தார். பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு எதைத் தொடர்வது, எதை நிறுத்துவது என்று முடிவெடுக்கும் கூட்டம் வந்தது. மேசையில் வைத்த தாளில் அந்தத் தொகுப்புக்கு நேரே 'பயன்பாடு: பூச்சியம். நிறுத்தலாம்' என்றிருந்தது. அதன் கீழே, தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயர். அந்தத் தாளை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறேன்.

"இதை நான் தயாரிக்கவில்லை" என்றேன். "இந்தத் தொகுப்பை நாங்கள் தேடலில் இணைக்கவேயில்லை. பிறகு யார் பயன்படுத்துவது?"

மேலாளர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "இணைப்பது இவருடைய வேலை."

கைபேசியைத் திறந்து, 'இப்போது வேண்டாம்' என்று அவர் அனுப்பிய பதிலைக் கூட்டத் தலைவியிடம் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தார். தொகுப்பை இன்னும் ஒரு வருடம் வைத்திருப்பதென்று முடிவாயிற்று.

நடைபாதையில் மேலாளர் என்னை மறித்தார்.

"ஆக்களுக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டீர்."

"என்னைக் கேக்காமல் என்ர பேரைப் போட்டது ஆர்?"

"நான் சொல்லாட்டி உமக்கு இந்த வேலை கிடைச்சிருக்குமே?"

அது உண்மை. "கிடைச்சிருக்காதுதான்," என்றேன். "அதுக்காக உங்கட பொய்க்கு என்ர பேர் கிடையாது."

மேசைக்கு வந்ததும் எவரையும் கேட்காமல் தொகுப்பை இணைத்தேன். விரிவுரையாளருக்கும் எழுதிப் போட்டேன். மறுநாள் வந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"இதற்கு எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார்.

"பத்து நிமிடம்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்படியென்றால் ஒரு மாதம் என்ன செய்துகொண்டிருந்தாய்? என் மாணவர்களுக்குப் படிப்புத் தவணை முடியப் போகிறது."

அவர் போய்விட்டார். நல்லது செய்தும் பேச்சு வாங்கினேனே என்று அன்று முழுவதும் அவரை மனதுக்குள் திட்டினேன். அவர் கேட்டதில் பிழை எதுவும் இல்லையென்பதுதான் கூடுதலாக எரிந்தது.

அடுத்த வாரம் மேலாளர் என்னை நிலக்கீழ் தளத்துக்கு மாற்றினார். திரும்பி வரும் புத்தகங்களைத் தட்டில் அடுக்கும் வேலை. தொகுப்பு இப்போது தேடலில் வருகிறது. யார் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவராது.

அந்த ஞாயிறு பூசையில், ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் மேலாளர் என் கணவருக்குக் கைகொடுத்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். நானும் கையைக் கோட்டுப் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை.