தாபோடியில் என் மகனுக்கு ஒரு அசனம்

எங்க பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் புனேயில் வேலை பார்க்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகிற அம்மாமாருக்கு வழி தெரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போனது பிள்ளையைப் பார்க்க இல்லை, பிள்ளையின் கல்லறையைப் பார்க்க. என் மகன் செல்வின், புனேயில் ஔந்த் என்கிற இடத்தில் அடுக்குமாடி வீடுகளுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்த்தான். போன வருஷம் ஆகஸ்டில், பைக் நிறுத்துகிற இடத்துக்காக ஒரு பையன் சண்டைக்கு வந்து பிடித்துத் தள்ளிவிட்டான். படிக்கட்டில் தலை அடித்துச் செல்வின் போய்விட்டான். இவன் கையே ஓங்கவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கை ஓங்காதே, நாம் இயேசுவின் பிள்ளைகள், சண்டைக்கு வருகிறவனிடமும் சாந்தமாகப் பேசு என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்தவள் நான்தான். வருஷ நினைவுக்குப் போகலாம் என்று எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டபோது, "ஒரு அடி திருப்பிக் கொடுத்திருந்தா இன்னைக்கு இருந்திருப்பான். உன் வளர்ப்புதான் அவனக் கொன்னுச்சு. நீயே போயிட்டு வா" என்றார். அது உண்மைதானோ என்று எனக்கும் ஒரு வருஷமாகத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் காலை ஏழரைக்கு ஏறினால் மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குப் புனே. லோயர் பெர்த்தாக வாங்குங்கள். மழைக்காலத்தில் போனால் ஜன்னலோரம் நனையும், பையை உள்ளே தள்ளி வையுங்கள். புனே ஸ்டேஷனிலிருந்து தாபோடிக்கு லோக்கல் ரயில் உண்டு. டிக்கெட் அஞ்சு ரூபாய், இருபது நிமிஷம். ஆட்டோக்காரர்கள் அதே தூரத்துக்கு இருநூறு கேட்பார்கள்.

தாபோடியில் எங்க வீட்டுக்காரரின் தங்கை எஸ்தர் இருக்கிறாள். அவள் புருஷன் ராஜன் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவர். செல்வின் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தான். எஸ்தருக்கு இருபத்தைந்து வருஷத்தில் பாதித் தமிழ் இந்தி ஆகிவிட்டது. "அரே மைனி, மெலிஞ்சிட்டீங்களே, சலோ, முதல்ல சாய் குடிங்க" என்று கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை, புனேயில் கேம்ப் என்கிற இடத்துக்குப் பக்கத்திலுள்ள கல்லறைத் தோட்டத்துக்கு ஆட்டோவில் போனோம். ஆட்டோக்காரர் வழியெல்லாம் எல்லோரையும் திட்டிக்கொண்டே வந்தார். "இங்க ஹார்ன் அடிக்கிறதே சண்டைக்குத்தான் மைனி" என்றாள் எஸ்தர். பூவைக் கேம்ப் கடைத்தெருவிலேயே வாங்கிவிடுங்கள், கல்லறை வாசலில் கிடைக்காது. மழைக்கு மெழுகுவர்த்தி நிற்காது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு வர்த்தி தீருகிற வரைக்கும் அவனோடு பேசினேன்.

மத்தியானம் தாபோடித் தமிழ்ச் சபையின் ஹாலில் சாப்பாடு. எங்கள் ஊரில் சபையார் எல்லோரும் ஒன்றாகத் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதை அசனம் என்போம். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, ரசம். யார் வந்து உட்கார்ந்தாலும் யார் என்று கேட்கக் கூடாது, இலை முன்னால் உட்கார்ந்தவரை எழுப்பவும் கூடாது. செல்வின் பேரில் அதையே வைக்கச் சொல்லியிருந்தேன்.

கறிக் குழம்பு வாளியோடு நான் வரிசையில் வந்தேன். கடைசியில் ஒரு அம்மா, தலையில் முந்தானை போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். இலையில் குழம்பை ஊற்றினேன். அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு இலையையே பார்த்தாள். தொடவில்லை.

ராஜன் அவளை அடையாளம் கண்டுகொண்டார். "அக்கா, இது செல்வினத் தள்ளிவிட்டவனோட அம்மா. கோர்ட்ல பாத்திருக்கேன். கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி வந்திருப்பா. பாருங்க, நம்ம சோத்தத் தொடக்கூட மாட்டேங்கறா, திமிரப் பாருங்க!" என்று கத்திக்கொண்டே அவள் தோளைப் பிடித்துத் தூக்கப் போனார். சபைப் பையன்கள் நாலு பேர் எழுந்துவிட்டார்கள்.

என் கையில் கொதிக்கிற குழம்பு இருந்தது. மறைக்க மாட்டேன், அதை அவள் தலையில் கொட்டினால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வாளியைத் தரையில் வைத்தேன்.

"தம்பி, கைய எடுங்க. இலையில உக்காந்தவங்கள எழுப்பக் கூடாது."

"அக்கா, உங்க மகனுக்கா இந்தச் சாப்பாடு, இல்ல அவனுக்கா?"

"என் மகனுக்குத்தான். அதனாலதான் சொல்லுறேன், கைய எடுங்க."

எடுத்துவிட்டார். எஸ்தர் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள். "மைனி, இது சிராவண் மாசம், இங்க விரத மாசம். இவங்க ஆளுங்க கறி தொட மாட்டாங்க. வேணாம்னு சொல்லப் பயந்து உக்காந்திருக்கா."

அந்த இலையை நானே மடித்து எடுத்தேன். புது இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறும் பருப்பும் வைத்தேன். துக்க வீட்டுக்காரர்கள் கடைசிப் பந்தியில்தான் சாப்பிட வேண்டும். ஆனால் நான் போய் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் ஒரு வாய் வைத்த பிறகுதான் அவள் வைத்தாள்.

சாப்பிட்டு முடித்து, அவள் மராத்தியில் மெதுவாகப் பேசினாள். எஸ்தர் தமிழில் சொன்னாள்.

"எதையும் கேக்க வரல. ஜெயில்ல பாக்கப் போறப்பல்லாம் என் பையன் ஒண்ணையே சொல்லி அழறான். அத உங்ககிட்டச் சொல்லாம எனக்குத் தூக்கம் வரல. இவன் தள்ளுறதுக்கு முன்னாடி உங்க பையன் இவன் தோள்ல கை வச்சு, 'ஜாவூ தே, பாவூ'ன்னு சொன்னானாம்."

"அப்படின்னா?" என்று எஸ்தரிடம் கேட்டேன்.

"போகட்டும் விடு, அண்ணேன்னு அர்த்தம் மைனி" என்றாள்.

நான் தமிழில் சொல்லிக் கொடுத்ததை அவன் மராத்தியில் சொல்லியிருக்கிறான். கேட்டவனால் அதை மறக்க முடியவில்லை. என் பிள்ளை பயந்து நிற்கவில்லை என்பது மட்டும் அன்றைக்குத் தெரிந்தது.

கேஸ் நடக்கிறது, நடக்கட்டும். அவனை மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் பொய். அது இன்னும் எனக்கு வரவில்லை. வாளியைக் கீழே வைக்க மட்டும் முடிந்தது.

திரும்பும்போது புனே ஸ்டேஷன் போகிற லோக்கலில், காலை மிதித்ததற்கு இரண்டு ஆட்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் எழுந்து, "ஜாவூ தே, பாவூ" என்றேன். என் உச்சரிப்பைக் கேட்டு ஒருவர் சிரித்துவிட்டார், மற்றவர் எனக்கு உட்கார இடம் விட்டார். எப்போதும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், என் மகனுக்குப் பலிக்கவில்லை. ஆனாலும் புனே போகிறவர்கள் குடையோடு இந்தச் சொல்லையும் கொண்டுபோங்கள். சிராவண் மாசத்தில் யாருக்காவது சாப்பாடு போட்டால், கறியா பருப்பா என்று முதலில் கேளுங்கள். டிக்கெட்டை அறுபது நாளுக்கு முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் எங்க வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "அந்த மராத்தியில சொன்னத இன்னொரு தடவ சொல்லு" என்றார். சொன்னேன். வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தார்.

அடுத்த ஆகஸ்டுக்கு ரெண்டு டிக்கெட் போடச் சொல்லியிருக்கிறார். ரெண்டும் லோயர் பெர்த்தாக வேண்டுமாம், அவருக்கு முழங்கால் வலி.