உடைசல் இல்லாத வார்டு

இடுப்பில் ஊசி போட்ட இடம் முதலில் அரித்தது. பிறகு கல்லாக இறுகியது. இருமல் குறைந்து, சாயங்காலக் காய்ச்சலும் விட்டு, பிழைத்துவிடுவேன் என்று நம்பத் தொடங்கியிருந்த நேரம் அது.

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குக் காசநோய் வந்தது. என் கணவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் மண்டியில் வேலை பார்த்தார். ஊரிலிருந்த தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் என்னைச் சேர்த்தார். அங்கே ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி போட்டார்கள்.

வீக்கத்தைப் பார்த்த பெரிய டாக்டர், “சீழ்க்கட்டி,” என்றார். (கிருமி புகுந்து உள்ளே சீழ் கோத்துக்கொள்வது.) “சில உடம்புக்கு ஊசி ஒத்துக்காதும்மா.”

நான் நம்பவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த எரியோடு ஊர்க்காரிக்கும் அதே மாதிரி கட்டி வந்திருந்தது. இரண்டு உடம்புக்கும் ஒரே நேரத்திலா ஒத்துக்கொள்ளாமல் போகும்?

அன்றிலிருந்து, ஊசி போடும் நர்ஸ் ஆரோக்கியத்தின் கைகளையே கவனித்தேன். அவள் சிரித்தால் எதையோ மறைக்கிறாள் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் பயம் வந்தது.

வார்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது. ‘இம்மாதம் உடைசல் இல்லை’ என்று அதில் எழுதியிருக்கும். வருகிறவர்களுக்கெல்லாம் பெரிய டாக்டர் அதைப் பெருமையாகக் காட்டுவார்.

அப்போதெல்லாம் கண்ணாடி ஊசிக்குழல்தான்; பலகை சொன்ன உடைசல் அதைப் பற்றியது. ஒருவருக்குப் போட்டதைக் கொதிநீரில் போட்டெடுத்துத்தான் அடுத்தவருக்குப் போட வேண்டும். ஒருநாள் காலையில் ஆரோக்கியம் ஸ்டவ்விலிருந்த வெந்நீரில் குழலை முக்கி, உடனே எடுத்துவிட்டாள். தண்ணீரில் ஒரு குமிழி கூட இல்லை.

“அந்த ஊசி எனக்கு வேணாம். தண்ணி கொதிக்கவே இல்ல,” என்றேன்.

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

“கொதிக்க விட்டா கண்ணாடி வெடிச்சிருது பாயம்மா. ஒண்ணு உடைஞ்சாலும் அம்புட்டுப் பேரு முன்னாடியும் நிக்க வச்சுத் திட்டுவாரு. லீவும் போயிரும். சேவுகம்பட்டில அம்மாட்ட பச்சப்புள்ளய விட்டுட்டு வந்துருக்கேன். போன தடவ ஒண்ணு உடைஞ்சு, பாக்கவே போக முடியல.”

“அதுக்கு என் உடம்புதான் கெடச்சுச்சா?”

அவள் குழலை மறுபடி தண்ணீரில் போட்டாள். நீர் தளபுளவென்று கொதிக்கும்வரை நின்றாள். குழல் உடையக்கூடாதே என்று நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் பிள்ளைக் கதை பொய்யாக இருக்குமோ என்ற எண்ணம் போகவில்லை.

கணவரிடம் சொன்னேன். “பெரிய டாக்டர்ட்ட சொல்லிரு. பேரையும் சேத்துச் சொல்லு. நமக்கு என்ன?” என்றார்.

பெரிய டாக்டர் கட்டியைக் கீறிச் சீழை எடுத்த அன்று, வலியோடு வலியாகச் சொல்லிவிட்டேன். ஊசிக்குழலை யாரோ கொதிக்கவைக்காமல் எடுக்கிறார்கள் என்றேன்.

“யாரும்மா அது? பேரச் சொல்லு. இன்னைக்கே வெளிய அனுப்புறேன்.”

தட்டை ஏந்திக்கொண்டு எதிரில் நின்றது ஆரோக்கியம்தான். தட்டிலிருந்த கத்தரிக்கோல் கிலுகிலுத்தது.

“அவங்க போயிட்டா, அடுத்து வர்றவங்களும் ஒங்களுக்குப் பயந்து இதத்தான் செய்வாங்க டாக்டரய்யா. குழல் உடையலன்னு எழுதிப் போட்டிருக்கீக. எங்க ரெண்டு பேருக்கும் கட்டி வந்தத எங்க எழுதுனீக?”

அவர் கை நின்றது. ஆரோக்கியத்தை ஒருமுறை பார்த்தார். எதுவும் கேட்காமல் புண்ணில் துணித்திரியை வைத்துக் கட்டிவிட்டுப் போனார். என்னை ஆஸ்பத்திரியை விட்டே அனுப்பிவிடுவார் என்று பயந்துகொண்டு கிடந்தேன்.

சில நாளில் பலகை காணாமல் போயிற்று. குழலைத் துணியில் சுற்றி, பச்சைத்தண்ணீரில் போட்டு, அதோடு சேர்த்தே சூடேற்றினார்கள். அப்படிச் செய்தால் அவ்வளவாக வெடிப்பதில்லை. வெடித்தால், திட்டு வாங்காமல் சொல்லலாம் என்றாயிற்று.

ஆரோக்கியம் ஊருக்குப் போய் வந்தாள்.

“புள்ளைக்கு என்னைய அடையாளமே தெரியல பாயம்மா. தூக்குனதும் அழுதுட்டான்,” என்றாள்.

அவள் மேலிருந்த சந்தேகம் அன்றுதான் விட்டது. ஆஸ்பத்திரி மேலிருந்தது விடவில்லை. திட்டாமல் எத்தனை காலம் இருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

ஊசிக்குக் காத்திருக்கும் உங்களுக்கு ஒன்று சொல்வேன். ஊசி சுத்தமானதா என்று தயங்காமல் கேளுங்கள். போடுபவருக்கு என்ன பயம் என்பதையும் கேளுங்கள்.

குணமாகிவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த நாளில் குணமானது என்று எனக்குத் தெரியாது. நோய் வந்த நாள் நினைவிருக்கிறது. அது போன நாளை நான் பார்க்கவில்லை. வீட்டில் ஒரு மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது, புண் இருந்த பக்கமாகவே படுத்திருந்தேன். எப்போதிருந்து இப்படிப் படுக்கிறேன்? அந்த இடத்தில் விரல் வைத்து அழுத்தினேன். வலிக்கவில்லை. நம்பாமல் இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.